மரத்துக்குத் தலை துவட்டுகிறவர்கள்

ஒரு மனிதரிடம் ஓர் உண்மையைச் சொல்லி முடிக்க முப்பது விநாடிக்கு மேல் ஆகாது. அதற்கு மேல் ஆனால் உண்மையின் மீது குற்றமில்லை, சொல்கிறவனுக்கு முதுகெலும்பு இல்லை. சாயங்கால ரயில் மாலூரைத் தாண்டும்போது விநாயக் இதை அறிவித்தான். அறிவித்தபோது அவன் ஒரு காலில்தான் நின்றுகொண்டிருந்தான். இன்னொரு காலை வைக்கப் பெட்டியில் இடமில்லை.

"அப்பன்னா உங்க மேனேஜர்கிட்ட சனிக்கெழம லீவு கேளேன்டா" என்றான் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஃப்ரெடி. கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்குகிறவன்.

"அது உண்மை இல்ல, கோரிக்கை. நா சொல்றது உண்மைக்கு."

விநாயக்குக்கு இந்தத் தத்துவம் வேலையிலிருந்து வந்தது. வைட்ஃபீல்டில் ஓர் உதவி மையத்தில், கெட்டுப்போன கம்ப்யூட்டர்களின் சொந்தக்காரர்களோடு போனில் பேசுவது அவன் பிழைப்பு. "தப்பு உங்க மேலதாங்க" என்பதை நாளொன்றுக்கு அறுபது பேரிடம் பணிவாகச் சொல்லுவான். அறுபது பேரில் ஒருவர்கூட அவனுக்கு அப்பா இல்லை என்பது அதுவரை அவனுக்குத் தோன்றியதில்லை.

மாரிகுப்பத்தில் விடியுமுன் ஏறி, இருட்டிய பிறகு மாரிகுப்பத்திலேயே இறங்கும் மனிதனுக்கு வீடு என்பது பெரும்பாலும் ஒரு பாயும் ஒரு தட்டும்தான். அந்த இரண்டுக்கும் நடுவில், முற்றத்துச் சுவரோரம், ஒரு பைன் மரம் இருந்தது. ஒன்றரைச் சாண் உயரம். வயது பதினாலு. அவன் மனைவி சுனிதா கல்லூரியில் படிக்கும்போது லால்பாகில் நாற்றாக வாங்கியது. கல்யாணத்துக்கு வந்த வண்டியில் பீரோ வந்தது, கட்டில் வந்தது, மெத்தை வந்தது. முன் சீட்டில், மணப்பெண்ணின் மடியில், தட்டையான தொட்டியோடு இந்த மரம் வந்தது. போன்சாய் என்றார்கள். "வளரலன்னா எதுக்கு வளக்கறது?" என்று அன்றைக்கே கேட்டான் விநாயக். இன்னும் பதில் வரவில்லை.

அந்த மரத்துக்குத்தான் இந்த ஆனியில் சீக்கு வந்தது. ஊசி இலைகளில் முதலில் மஞ்சள் வளையம் விழுந்தது. வளையம் பழுப்பாகி, அதன் நடுவில் மிளகுப் பொடி தூவினாற்போல் கறுப்புப் புள்ளிகள் எழும்பின. அப்புறம் கை பட்டாலே கொத்தாக உதிர்ந்தது. ஆடிக் காற்று தொடங்குவதற்குள் பாதிக் கிளைகள் வெறுங்குச்சி. உச்சியில் மூன்று இளங்குருத்து மட்டும், சின்ன மெழுகுவத்தி மாதிரி, நேராக நின்றன.

"பூஞ்சை" என்றாள் சுனிதா. உதிர்ந்த ஊசிகளைத் தொட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்தாள். அதிலிருந்துதான் திரும்பப் பரவுமாம். "இந்த மூணு குருத்துக்கும் வந்துச்சுன்னா அவ்ளோதாங்க. வேப்ப மரம் மாதிரி இல்ல பைனு. வெறுங்கிளையில திரும்பத் துளிர்க்காது. பதினாலு வருசம் போச்சுன்னா நா இன்னொண்ணு வெக்க மாட்டேன்."

அவள் அழவில்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்து, அதற்குமேல் ஆறு மணி வரை டியூஷனும் எடுத்துவிட்டு வருகிறவளுக்கு அழுவதற்குத் தனியாக நேரம் ஒதுக்க முடியாது. "வெக்க மாட்டேன்" என்பதைக் கணக்கின் விடையைப் போலச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை விநாயக்கே களத்தில் இறங்கினான். உரக்கடையில் மயில்துத்தம் வாங்கினான். ஒரு பிளாஸ்டிக் வாளியில் அதையும் இன்னொன்றில் சுண்ணாம்பையும் கரைத்து, இரண்டையும் சேர்த்து, இரும்பு ஆணி ஒன்றை முக்கி எடுத்தான். ஆணி சிவந்தால் துத்தம் அதிகம், இன்னும் சுண்ணாம்பு வேண்டும். ஆணி சிவந்தது. சுண்ணாம்பு போட்டான். மறுபடி முக்கினான். சிவக்கவில்லை. நோபல் பரிசுக்கு நிற்கிறவனைப் போல ஆணியைத் தூக்கி மனைவிக்குக் காட்டினான். மருந்து அடித்து முடித்தபோது மரம் பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர் மாதிரி ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிறு பார்த்தால் மரத்தில் வெள்ளையே இல்லை.

"மரம் மருந்தக் குடிச்சிடுச்சு" என்றான் விநாயக்.

"அது குடிக்கிற மருந்து இல்லீங்க. இலை மேலயே நிக்கணும்."

"குடிச்சிடுச்சு. நல்ல பசி."

மறுபடி அடித்தான். மரம் மறுபடி குடித்தது. மூன்றாவது ஞாயிறும் அப்படியே. மூன்று டோஸ் குடித்த மரம், உதிர்வதை மட்டும் நிறுத்தவில்லை.

அதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, உதவி மையத்துக்கே உதவி தேவைப்பட்டது. சர்வர் படுத்துவிட்டது. எல்லாரையும் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். விநாயக் வெளிச்சத்தோடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. மணி ஆறேகால். முற்றத்தில் டேபிள் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. ஃபேனுக்கு எதிரில் பைன் மரம். மரத்துக்குப் பக்கத்தில், டியூஷனிலிருந்து வந்த சேலையோடு குந்தியபடி, பழைய பூத்துண்டால் ஊசி இலைகளைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து ஒத்திக்கொண்டிருந்தாள் சுனிதா.

விநாயக் பையைக் கீழே வைத்தான்.

"இன்னா சுனி, மரத்துக்குத் தலை துவட்டறியா?"

"ஆமா."

"சாம்பிராணி போடலியா?"

"நாளைக்குப் போடறேன்."

"மரத்துக்கு ஃபேன் போடற வீடு கர்நாடகத்துலயே நம்ம வீடுதான். போர்டு மாட்டலாம். எனக்குப் போட்டா கரண்ட் பில்லு ஏறும்னு சொல்லுவ, இதுக்கு மட்டும் மூணுல ஓடுது."

சுனிதா துண்டைப் பிழிந்தாள். பிழிகிற அளவுக்குத் தண்ணீர் இருந்தது.

"மாமா தெனமும் அஞ்சரைக்குத் தண்ணி அடிக்கிறாருங்க. தொட்டிக்குன்னு நெனச்சுக்கினு இருந்தேன். இல்ல, இலைக்கு. பம்ப்பு வெச்சு, ஒரு ஊசி விடாம. போன வாரம் டியூஷன் பசங்க வரல, சீக்கிரம் வந்தேன், அப்பதான் கண்ணால பாத்தேன். நீங்க அடிக்கிற மருந்து வெள்ளையா நிக்குதுல்ல? அத மேட்டு டஸ்ட்டுன்னு நெனச்சுக்கினு கழுவி விட்டுடறாரு."

மாமா என்றால் விநாயக்கின் அப்பா. மேடு என்றால் சயனைடு மேடு. மூடிப்போன தங்கச் சுரங்கம் பொன்னை எடுத்த பிறகு கொட்டிய மணல், ஊரைச் சுற்றி மலை மலையாக நிற்கிறது. ஆடி மாசக் காற்றுக்கு அது சோற்றில், துணியில், கண்ணில், எல்லாவற்றிலும் வந்து உட்காரும்.

"சாயங்காலம் நனைச்சா ராத்திரி பூரா ஈரம் காயாது. பூஞ்சைக்கு அது பாயாசம். மருந்தும் போச்சு, ஈரமும் நின்னுச்சு. அதான் மாமா டீக்குப் போனதும் தொடச்சுக் காய வெக்கறேன். எட்டு நாளா புதுப் புள்ளி வரல."

"எட்டு நாளா?" விநாயக்குக்குச் சிரிப்பு நின்று, தத்துவம் வந்தது. "எட்டு நாளா துண்ட வெச்சு ஒத்திக்கினு கீறியே, நைனாகிட்ட ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சுது."

"மரத்தத் தண்ணி டேங்க் மேல தூக்கி வெச்சேன். ஏணி போட்டு ஏறிட்டாரு. எழுவது வயசுல, ஒரு கையில பம்ப்பு. கீழ எறக்கிட்டேன்."

"நா எடத்த மாத்தச் சொல்லல. சொல்லச் சொல்றேன். வாயால."

"இன்னான்னு சொல்றது? மாமா, மரத்துக்குச் சீக்கு குடுத்தது நீங்கதான்னா? நா இல்லாதப்ப அந்த மரத்துக்குக் காவல் ஒக்காந்துக்கினு கீறாரு அவரு."

"இதான். இதுக்குத்தான் முதுகெலும்பு வேணும்ங்கறது. ஞாயித்துக்கெழம நா சொல்றேன். நைனாதான, ஜனாதிபதியா?"

சுனிதா ஒரு குருத்தை விரலால் நிமிர்த்திப் பார்த்தாள். "சொல்லுங்க. யாரு சொன்னாலும் சரி, இந்த மூணும் இருக்கணும்" என்றாள். ஃபேனை அவன் பக்கம் திருப்பவில்லை.

ஞாயிறு காலை, அப்பா தசரதன் வழக்கம்போல் கறிக்கடை வரிசையில் நிற்கப் போயிருந்த நேரத்தில், விநாயக் அந்த வாரத்து மருந்தை அடித்தான். பிறகு தூங்கினான். சாப்பிட்டான். மறுபடி தூங்கினான். வாரத்தில் ஆறு நாள் விட்ட தூக்கத்தை ஒரே நாளில் பிடிக்கப் பார்ப்பவன், எழும்போது இன்னும் களைப்பாகத்தான் எழுவான். அப்படித்தான் எழுந்து, ஐந்தரைக்கு முற்றத்து வாசலில் வந்து நின்றான். அடுப்படி ஜன்னலில் சுனிதா நின்றாள்.

தசரதன் வந்தார். கையில், முன்பு கண்ணாடி துடைக்கும் திரவம் இருந்த நீலப் பம்ப்பு. மரத்தைச் சுற்றி ஒரு தரம் பார்த்துவிட்டு, கீழ்க்கிளையிலிருந்து ஆரம்பித்தார். அவசரமே இல்லை. ஒரு கிளைக்கு அடியில், பக்கத்தில், மேலே. வெள்ளை கரைந்து தொட்டியில் சொட்டியது. ஒரு காலைப் பொழுது வேலை சொட்டுவதை விநாயக் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நைனா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்றா" என்றார் தசரதன். உடனே இருமல் வந்துவிட்டது. அது ஒரு நடை போய்த் திரும்பி வருகிற இருமல். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும், தன்னுடையதே இல்லாத மாதிரி, மறுபடி பம்ப்பை எடுத்தார்.

"இதப் பாரு. ஒண்ணு எனக்குப் புரியல. மத்த நாள்ல டஸ்ட்டு கம்மி. ஞாயித்துக்கெழம ஆனா இப்பிடி ஒரு கோட்டிங் வந்து ஒக்காருது. ஞாயித்துக்கெழம மட்டும் மேட்டுக்கு இன்னா வந்துச்சு?"

"நைனா, அது மேட்டு டஸ்ட்டா இல்லாம, வேற எதுனா..."

"டஸ்ட்டு எனக்குத் தெரியாதாடா?"

கோபமாகக் கேட்கவில்லை. கேட்டுவிட்டு, அதே குரலில் தொடர்ந்தார்.

"சொரங்கத்துக்குக் கீழ நா மேஸ்திரியா இருந்தப்ப ஒரு லெவல்ல தண்ணி லைன் ஏறல. ட்ரில்லு காஞ்சி ஓடக் கூடாது. தண்ணி விட்டுக்கினேதான் ஓட்டணும், அப்பதான் டஸ்ட்டு எழும்பாது. சின்னப் புள்ளைக்கும் தெரியும். ஷிஃப்டு முடியணுமே. 'ஓட்டுங்கப்பா, நாளைக்கு லைன் வந்துடும்'னேன். மறு நாளும் அதான் சொன்னேன். மூணு மாசம்."

பம்ப்பு இரண்டு முறை பீய்ச்சியது.

"ட்ரில்லு ஓட்டுன கொர்னேலியஸ், நெஞ்சுல டஸ்ட்டு கட்டி, நாப்பத்தாறு வயசுல போயிட்டான். இன்னொருத்தன் அதுக்கும் முன்னாடி. அவன் பொண்ணு மார்க்கெட்ல என்னப் பாத்தா இன்னிக்கும் 'நல்லா கீறீங்களா பெரியப்பா'ங்குது. அவங்க யாரும் என்ன ஒண்ணும் கேட்டதில்ல." அவர் குனிந்து உச்சிக் குருத்துகளை நனைத்தார், மூன்றையும், ஒவ்வொன்றாக. "நம்ம சுனிதா பதினாலு வருசமா வளத்தது. இது மேலயும் டஸ்ட்டு ஒக்காந்து மூச்சு முட்டிச் சாவணுமா? நா வீட்ல சும்மாதான கீறேன்."

விநாயக் வாயைத் திறந்தான். தப்பு உங்க மேலதாங்க. மூன்று வார்த்தை. அறுபது பேரிடம் சொல்லிப் பழகிய மூன்று வார்த்தை.

"ஒரு வாரமா பாத்துக்கினே வரேன்" என்றார் தசரதன், குரலைத் தாழ்த்தி. "உதிர்றது நின்னுபோச்சுடா. கீழ ஒரு ஊசி இல்ல. தண்ணி புடிச்சுக்கிச்சு. சுனிதாகிட்ட நீ சொல்லாத. அதுவா தெரிஞ்சுக்கட்டும்."

அவர் முகத்தில் இருந்ததைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. இழுத்துக் கட்டிய ஏதோ ஒன்று கொஞ்சம் தளர்ந்திருந்தது, அவ்வளவுதான். இந்த முகத்தை விநாயக் பார்த்து எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்தான். யோசிக்கவும் களைப்பாக இருந்தது.

"நீ இன்னாவோ சொல்லணும்னியே?"

"ஒண்ணுமில்ல நைனா. காத்து அடிக்குது. டீக்குப் போறப்ப மஃப்ளர் போட்டுக்கினு போ."

"இத சொல்றதுக்கா இவ்ளோ நேரம் நின்ன?"

தசரதன் பம்ப்பை ஜன்னல் விளிம்பில் வைத்தார். மஃப்ளரைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு, டீக்கடைப் பக்கம் நடந்தார். தெரு முனையில் ஒரு தடவை நின்று இருமிவிட்டு, திரும்பி மறைந்தார்.

மரம் சொட்டச் சொட்ட நின்றது. உச்சியில், குருத்துகளின் நுனியில், ஒவ்வொரு துளியாகத் தொங்கியது. இன்னும் அரை மணியில் பொழுது சாயும்.

விநாயக் உள்ளே போனான். டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து படியில் வைத்தான். ஒயர் எட்டவில்லை. மறுபடி போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்தான். மூன்றில் வைத்தான். கொடியிலிருந்து பூத்துண்டை உருவிக்கொண்டு, மரத்துக்கு எதிரில் குந்தினான். முதல் கொத்தை அழுத்திப் பிடித்தபோது இரண்டு ஊசி கையோடு வந்துவிட்டது. அதற்கப்புறம் அழுத்தவில்லை. விரல்களுக்கு நடுவில் துண்டைச் சின்னதாக மடித்து, அடியிலிருந்து மேலாக, ஒத்தி ஒத்தி எடுத்தான். குருத்துகளுக்கு வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டான். எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை.

ஜன்னலுக்குப் பின்னாலிருந்து சுனிதாவின் குரல் வந்தது.

"சொல்லிட்டீங்களா?"

விநாயக் திரும்பவில்லை. இரண்டாவது கிளையின் உட்பக்கம் இன்னும் ஈரமாக இருந்தது.

"வேற துண்டு இருந்தா குடு சுனி. இது நனஞ்சுபோச்சு."