ஆளில்லாத படங்கள்

1

கதவு இடிபட்டது.

வாரப் பத்திரிகைகளில் தொடர்கதை எழுதிப் பிழைக்கும் நான், இந்த வரியை எத்தனை முறை எழுதியிருப்பேனோ! எடுத்த எடுப்பிலேயே வாசகரை உட்கார வைத்துவிடும் வரி. ஆனால் போன வாரம் கதவு நிஜமாகவே இடிபட்டபோது நான் தங்கை வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். பாதியைச் சட்டையில் ஊற்றிக்கொண்டேன். இந்தக் கதை அந்தக் கறையிலிருந்து பிறந்தது.

2

வந்தவர் காவல் அதிகாரி. அவருடைய முரட்டு மீசை ஒரு

இல்லை. அவருக்கு மீசையே இல்லை. வில்லனாக்கத்தான் ஆரம்பித்தேன்; மனிதர் ஒத்துழைக்கவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். தங்கையை "அம்மா" என்றார். அதனாலேயே பயம் அதிகமானது. கத்துகிற ஆளிடம் கெஞ்சவாவது செய்யலாம்.

தங்கையின் கணவர், அதாவது என் மைத்துனர், கல்யாணப் புகைப்படக்காரர். புதிய அரசாணைப்படி பாலம், ரயில் நிலையம், அரசுக் கட்டடம் எதையும் பொதுமக்கள் படம் எடுக்கக் கூடாது. குடும்பப் படத்துக்கு மட்டும் விலக்கு: முன்னால் ஆள் நின்றால், பின்னால் பாலம் தெரிவது குற்றமில்லை. மைத்துனர் ஆற்றுப் பாலத்தருகே ஒரு புதுமணத் தம்பதியை எடுத்திருந்தார். யாரோ போன் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

அதிகாரி கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். மணமக்கள். மணமக்கள். வெறும் பாலம். மணமக்கள். மறுபடி வெறும் பாலம்.

"இதுல யாரையும் காணோமே?"

"வெளிச்சம் பார்க்க எடுத்தது சார். எந்த இடமானாலும் முதல்ல காலியா ஒண்ணு எடுத்துப் பார்த்துட்டுத்தான் ஆளை நிக்க வைப்பேன்."

"பார்த்தாச்சுல்ல, ஏன் அழிக்கல?"

[ஒரு குறிப்பு: அழிக்கவே மாட்டார். ஆல்பத்தில் மணமக்கள் பெயர் வரும் பக்கத்துக்கு அந்தக் காலிப் படம்தான் பின்னணி. தொழிலில் இருப்பவருக்கு அது பழக்கம். அதிகாரிக்கு அது வேவு பார்த்த படம். நிரூபணமானால் சிறை.]

3

முடிவு ஒன்று: அதிகாரி சிரித்துவிட்டு, தன் மகள் கல்யாணத்துக்கே அவரைப் பேசிவிட்டுப் போகிறார். பத்திரிகை ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

முடிவு இரண்டு: விலங்கு, அழுகை. 'தங்கை விம்மி விம்மி' என்று எழுதியும் பார்த்தேன். பொய். அவள் அழவில்லை. கேமராப் பையின் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

நடந்தது வேறு. அதிகாரி மெமரி கார்டை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"நீங்க சொல்றது நிஜம்னா, காலையில கேமராவோட பாலத்துக்கு வாங்க. அன்னிக்கு எப்படி எடுத்தீங்களோ, அதே மாதிரி என் கண்ணு முன்னாடி எடுத்துக் காட்டுங்க."

அனுமதியை எழுத்தில் தருவீர்களா என்று கேட்டேன். [அதிகாரியிடம் நான் வாய் திறந்த ஒரே இடம்.] வாயால் சொன்னால் போதாதா என்று கேட்டுவிட்டுப் போனார்.

எடுத்தால், அவர் கண்ணெதிரே இன்னொரு குற்றம். எடுக்காவிட்டால், சொன்னதெல்லாம் பொய். அண்ணனும் தங்கையும் இதையே திருப்பித் திருப்பிப் பேசினோம். மைத்துனர் சுவரில் சாய்ந்து சிரிக்கப் பார்த்தார்.

"எல்லாரையும் ஆடாம அசையாம நில்லுங்கன்னு சொல்றது என் பொழைப்பு, மச்சான். இப்ப என்னை நிக்க வெச்சுட்டாங்க."

4

காலையில் பாலம் ______ நிறத்தில் இருந்தது. அதன் தூண்கள் ______.

[கோடிட்ட இடங்களை நிரப்பத் தைரியம் வரவில்லை. எழுத்தில் படம் பிடிப்பதும் அந்த ஆணைக்குள் வருமா, தெரியாது.]

அதிகாரி கைகட்டி நின்றார். அவருக்குப் பின்னால் ஜீப். அதன் பின்கதவு திறந்தே இருந்தது. மைத்துனர் வேறொரு கார்டைப் போட்டு, கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனார். விரல் பொத்தானைத் தொட்டது.

இங்கே பேனாவை வைத்துவிடுகிறேன். அழுத்தினாரா, அந்த ஜீப் யாரை ஏற்றிக்கொண்டு போனது என்பதையெல்லாம் நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வரியை மட்டும் மறைக்க எனக்கு உரிமையில்லை, அது நான் எழுதியதல்ல. என் பக்கத்தில் நின்றிருந்த தங்கை, கலைந்த முடியைக் காதோரம் ஒதுக்கிக்கொண்டு, பாலத்தை நோக்கி விறுவிறுவென்று நடந்தாள்.

"ஆளில்லாம எடுக்காதீங்க. இருங்க, நான் வந்து நிக்கிறேன்."