இரண்டு டப்பாப் பொடி

எங்கள் நைனா நாகபூஷணம் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவர். "புத்தூரு, திருப்பதி" என்று அவர் ஒரு சத்தம் போட்டால் நகரி பஸ் ஸ்டாண்டில் தூங்குகிறவன்கூட எழுந்து வந்து ஏறிவிடுவான். தமிழிலும் தெலுங்கிலும் ஒரே மூச்சில் திட்டக்கூடிய வாய் அது. பார்க்கின்சன் வந்தபோது எல்லோரும் கை நடுங்குவதைத்தான் பார்த்தார்கள். என்னைக் கேட்டால் அந்தப் பாழாய்ப்போன நோய் முதலில் பிடுங்கிக்கொண்டது அவர் குரலைத்தான். பக்கத்தில் உட்கார்ந்தாலும் வெறும் காற்றுதான் வந்தது.

திருப்பதி டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையில் ஏதோ நடமாடிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது போதவில்லை. பாலசமுத்திரத்திலிருந்து அவருடைய தங்கை சந்திரம்மா அத்தை ஒரு டப்பா நிறையப் பூனைக்காலிப் பொடி கொண்டுவந்தாள்.

"நரம்புக்கு அவ்ளோ நல்லதாம் அண்ணா. பால்ல கலந்து குடி."

நாத்தனார் கொண்டுவந்தது எதுவும் என் அம்மா வரலட்சுமிக்கு ஆகாது. அடுத்த வாரமே வடமாலபேட்டையில் யாரிடமோ சொல்லி, தெலுங்கில் எழுதிய இன்னொரு டப்பாவை வாங்கிவந்தாள். தூலகொண்டிப் பொடியாம்.

"உங்கத்த குடுத்தது காலையில, நான் வாங்கியாந்தது சாயங்காலம். எது கேக்குதுன்னு பாத்துடலாம்" என்றாள்.

"மாத்திர துன்னுக்கினு இருக்கசொல்ல இதெல்லாம் எதுக்கும்மா?" என்றேன்.

"இது இன்னா வெஷமா? செடிகொடிதானேடி."

நானும் விட்டுவிட்டேன். நைனா ஏதோ முணுமுணுத்தார். அம்மா "சரி, சரி" என்று டம்ளரை அவர் வாயில் வைத்தாள்.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொண்டார். அந்தப் பெருமை யாருக்கு என்று அம்மாவும் அத்தையும் போனில் சண்டை போட்டார்கள். பிறகு அவர் கழுத்தும் தோளும் தாமாக நெளிய ஆரம்பித்தன. உட்கார்ந்தால் கால் அடங்கவில்லை. பீரோ பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று கை காட்டினார். ஒருநாள் காலையில் காபி கொண்டுபோன அம்மாவை யாரென்று தெரியாமல் பிடித்துத் தள்ளினார்.

அம்மா சமையலறைக்குள் போய் அழுதாள். "மனுசனுக்குப் புத்தியும் போயிடுச்சி. இனிமே இன்னா இருக்குது?"

பெங்களூரிலிருந்து என் அண்ணன் அருள்குமார் போன் செய்தான். நைனாவின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்துதான் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினோம். "உங்க ரெண்டு பேரால சமாளிக்க முடியாது. திருப்பதியில இந்த மாதிரி ஆளுங்கள பாத்துக்கற எடம் ஒண்ணு விசாரிச்சி வச்சிருக்கேன். டாக்டர பாத்துட்டு அப்பிடியே அங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் விலாசத்தை எழுதிக்கொண்டேன்.

டாக்டரம்மா நைனா நெளிவதைச் சற்று நேரம் பார்த்தார். அவர் சுத்தத் தெலுங்குக்காரர், தமிழ் பேசுவார், படிக்க வராது. "வேற ஏதாவது மருந்து சாப்பிடறாரா?" என்றார். நான் பையிலிருந்து இரண்டு டப்பாவையும் எடுத்து மேஜையில் வைத்தேன். அம்மா என்னை முறைத்தாள்.

தெலுங்கு டப்பாவைப் படித்ததும் அவர் முகம் சுருங்கியது. மற்றதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இதி ஏமிட்டி?" என்றார்.

"பூனைக்காலி" என்றேன். அதற்குத் தெலுங்கில் என்ன என்று எனக்கும் தெரியவில்லை, அம்மாவுக்கும் தெரியவில்லை.

நைனாவின் உதடு அசைந்தது. "சும்மா இருங்க, டாக்டரம்மா பேசிக்கினு இருக்காங்க இல்ல" என்றாள் அம்மா.

டாக்டரம்மா அம்மாவைக் கையமர்த்திவிட்டு, நாற்காலியை நகர்த்திக்கொண்டு வந்து, நைனாவின் வாயருகே காதை வைத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"ரெண்டூ ஒகட்டே அண்டுன்னாரு. ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றாரு."

போனில் தேடிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "ஒரே விதைதான். என் மாத்திரையில இருக்கற மருந்தே இந்த விதையிலயும் இருக்கு. மூணு பக்கமும் அதே மருந்து உள்ள போயிருக்கு, எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும்? அதனாலதான் இந்த ஆட்டம், இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியறது எல்லாம். புத்தி போகலைம்மா. ரெண்டு பொடியும் இன்னிக்கே நிறுத்துங்க. மாத்திரையை மட்டும் நிறுத்தாதீங்க, நான் சொல்றபடி கொடுங்க. நோய் இருக்கும். இதெல்லாம் மெல்லக் குறையும்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நைனாவிடம் குனிந்தேன்.

"தெரிஞ்சிக்கினே எதுக்கு நைனா குடிச்ச?"

"மொத நாளே சொன்னேன்" என்றார். "உங்கம்மாகிட்ட சொன்னேன். சந்திரம்மாகிட்ட சொன்னேன். ஒங்கிட்டயும் சொன்னேன்."

சொல்லியிருப்பார். அவர் எது சொன்னாலும் நாங்கள் மூன்று பேரும் "சரி, சரி" என்போம். காதில் விழுந்ததே இல்லை.

"வேற இன்னா சொன்ன நைனா, நாங்க கேக்காதது?"

இந்த நோயில் முகம் எதையும் காட்டாது. அவர் கண் மட்டும் என்மேல் நின்றது.

"அருளு போன்ல சொன்ன எடத்துக்கு நான் போவலன்னு சொன்னேன்."

"இன்னாடி சொல்றாரு?" என்றாள் அம்மா.

"நீயே குனிஞ்சி கேளும்மா" என்றேன்.