கருநாக்கும் மட்டித் தொக்கும்

"இந்த மட்டிய யாரும் துன்னக்கூடாதுக்கா. சொல்ட்டேன்."

மலர்க்கொடி கரண்டியைப் பிடித்துக்கொண்டு அடுப்புக்குக் குறுக்கே நின்றாள். சட்டியில் மட்டிச் சிப்பித் தொக்கு மிளகும் பூண்டுமாகக் கொதித்து, காத்திவாக்கம் குப்பம் முழுவதையும் விருந்துக்கு அழைத்துக்கொண்டிருந்தது. ஓரகத்தி கெங்கம்மாவுக்கு வந்த கோபத்தில் மூக்குத்தியே சிவந்த மாதிரி இருந்தது.

"நல்ல நாளும் அதுவுமா உன் வாயில இன்னா வருது பாருமே! மாப்ள வூட்டு வண்டி கெளம்பிடுச்சாம். தள்ளு."

"ஆத்துத் தண்ணி ஒரு வாரமா செவந்து கீதுக்கா. பாசி பூத்து கொயகொயன்னு கெடக்குது. மடவ மீனு செத்து மெதக்குது, அத்த காக்கா கூட கொத்தல. அந்தத் தண்ணியில கெடந்த மட்டிதான இது?"

இதைச் சொல்ல அவளைவிடத் தகுதியானவர் அந்தக் குப்பத்தில் கிடையாது. புருஷன் போன இந்த ஆறு வருஷமும், வாயில் ஓலைப் பறிக்கூடையைக் கவ்விக்கொண்டு, முகத்துவாரத்தில் இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்துத்தான் மகள் மதியைப் படிக்க வைத்தாள். ஆற்றுக்குக் காய்ச்சல் வந்தால் முதலில் அவள் கைக்குத்தான் தெரியும். இந்த வாரம் முழங்கை வரைக்கும் அரிப்பு. ஊர்ச் சாக்கடையும் கம்பெனிச் சுடுதண்ணீரும் வெயிலில் கலந்து ஊறினால் பாசி பூக்கும், பூத்தால் மட்டியைத் தொடக்கூடாது. ஆற்றில் இறங்கும் பெண்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும். கரையில் நின்று விலை பேசும் ஆண்களிடம் யார் சொல்வது?

சத்தம் கேட்டுப் பக்தவச்சலம் வந்தார். மலர்க்கொடியின் புருஷனுக்கு அண்ணன், கெங்கம்மாவின் கணவர். மதியின் நிச்சயதார்த்தத்துக்குப் பெரியப்பா என்ற முறையில் இன்றைக்கு அவர் வைத்ததுதான் சட்டம்.

"தோ பாரு மலரு. நீ தட்டு மாத்துற பக்கம் வரக்கூடாது, வாயத் தொறக்கவும் கூடாது. உனுக்குக் கருநாக்கு. சொன்னா பலிச்சிடும். தம்பிய அன்னிக்கி 'மஞ்ச காமால முத்திடுச்சி, ஆஸ்பத்திரிக்குப் போ, இல்லன்னா உயிருக்கு ஆபத்து'ன்ன. ஆச்சா இல்லியா?"

தம்பியை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் மந்திரிக்கக் கூட்டிப்போனது யார் என்று பக்தவச்சலத்துக்கு ஞாபகம் இல்லை. மலர்க்கொடிக்கு இருந்தது. ஆனாலும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். மகளின் தட்டைத் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை. தாலி அறுத்தவள் கொடுத்தால் விளங்காது என்று அதைக் கெங்கம்மாவிடம் ஒப்படைத்தாகிவிட்டது. பெற்றவளுக்குப் பின்பக்கத் தார்ப்பாய் நிழல்.

அவளுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. சிரிப்பு. எங்கே சிரிக்கக்கூடாதோ அங்கேதான் பொத்துக்கொண்டு வரும். அறுத்தவளுக்கு அதற்கும் தடை என்பதால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கப் பழகியிருந்தாள்.

ராயபுரத்திலிருந்து கிளம்பிய மாப்பிள்ளை வீட்டு வேன், கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டி, ஊர்ந்து, வந்து சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. புதன்கிழமை, ராகு காலம் ஒன்றரை வரை. எல்லோரும் முழித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா தேசப்பன்தான் வழி கண்டுபிடித்தார்.

"ராவு காலத்துல தட்டுதான் மாத்தக்கூடாது. துன்னலாமில்ல?"

முதல் பந்தி ஆண்களுக்கு. தேசப்பன் தொக்கை மூன்று தடவை கேட்டு வாங்கினார். பக்தவச்சலம் உபசரிக்கிற சாக்கில் நான்கு தடவை. மாப்பிள்ளைப் பையன் மட்டும் தொடவில்லை. 'மட்டி வேணாம்' என்று மதி போனில் செய்தி அனுப்பியிருந்தாள். பெண்களெல்லாம் பசியோடு காத்திருந்தார்கள். கெங்கம்மா மட்டும் உப்பு பார்க்கிறேன் என்று ஒரு கிண்ணம் பார்த்திருந்தாள்.

ஒரு மணிக்கு வேடிக்கை ஆரம்பித்தது.

"யோவ், என் ஒதடு எங்கய்யா?" தேசப்பன் தன் உதட்டைத் தானே கிள்ளிப் பார்த்தார். "கீதா பாரு."

"வெத்தலைக்கு சுண்ணாம்பு ஜாஸ்தியா பூட்ருப்ப சம்பந்தி," என்றார் பக்தவச்சலம். "எனுக்கும்தான் வெரல்ல சுருசுருங்குது."

தேசப்பனின் தம்பி எழுந்தார், இரண்டடி வைத்தார், கைகளை விரித்தார். "அண்ணே, கால் தரையில படல. மெய்யாலுமே மெதக்குறேன்!"

"நிச்சயத்துக்கு வந்த எடத்துல சரக்கா?" என்று தேசப்பனின் மனைவி பாய்ந்து வந்து புருஷன் வாயை முகர்ந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அவரவர் புருஷனை முகர்ந்தார்கள். பூண்டு வாசனைதான் வந்தது. பக்தவச்சலம் கௌரவமாக எழுந்து, "எங்க வூட்ல அந்தப் பயக்கமே கெடயாது," என்று சொல்லி முடிப்பதற்குள் சுவரைக் கட்டிப்பிடித்தார். "இன்னாடி இது, வூடு படவு கணக்கா ஆடுது?"

தார்ப்பாய்க்கு அடியில் மலர்க்கொடி முந்தானையை முழுசாக வாயில் திணித்துக்கொண்டாள். பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்து தொண்டையில் இடித்துக்கொண்டன.

அப்போது லுப்னா ஓடிவந்தாள். மதியின் தோழி, திருவொற்றியூரில் நர்ஸ். "ஆன்ட்டி, இன்னா துன்னாங்க இவங்க?"

"மட்டி. தண்ணி செவந்து கெடக்குதுன்னு சொன்னேன்மா. கேக்கல."

"பாசி வெஷம் ஆன்ட்டி! மூச்சு நின்னுச்சின்னா பேஜாராயிடும். ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போணும்."

மலர்க்கொடி முந்தானையை வாயிலிருந்து உருவினாள். இரண்டாம் பந்திக்கு வைத்திருந்த சட்டியை அப்படியே மண்ணில் கவிழ்த்தாள். வரக்கூடாது என்று சொன்ன முன்வாசலுக்கு வந்து நின்று கத்தினாள். "மட்டி துன்ன மட்டிங்க அல்லாரும் வண்டியில ஏறு!" ஒருத்தர் கூட சகுனம் பார்க்கவில்லை.

மாலை ஐந்து மணிக்கு, ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டால் போதும், உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். உடனே எல்லோருக்கும் நாள் ஞாபகம் வந்தது. விடிந்தால் ஆடி. ஆறு மணிக்குள் தட்டு மாற்றாவிட்டால் ஒரு மாதம் தள்ளிப்போகும். சரி, வார்டிலேயே மாற்றிக்கொள்வோம் என்று இரண்டு தட்டையும் கொண்டுவந்தார்கள். கெங்கம்மா தன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தட்டை வாங்கினாள். மரத்துப்போன விரல்களில் அது நிற்கவில்லை. எலுமிச்சம்பழம் உருண்டு தேசப்பன் கட்டிலுக்கு அடியில் போய்ப் புகுந்துகொண்டது.

"போதும்யா," என்றார் தேசப்பன். "அந்தம்மா துன்னாதன்னுச்சி, வெஷமாச்சி. கருநாக்கு வூட்டு சம்பந்தமே எனுக்கு வோணாம்."

"நான் அப்பவே சொன்னேன்," என்றார் பக்கத்துக் கட்டில் பக்தவச்சலம்.

"அம்மா ஆத்தப் பாத்து சொன்னாங்க," என்றாள் மதி.

மலர்க்கொடி குனிந்து எலுமிச்சம்பழத்தை எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்தாள். தட்டைக் கையில் எடுத்தாள்.

"கருநாக்குதான். ஒத்துக்குறேன். நான் சொன்னா பலிக்கும்னு நீங்க அல்லாரும் சொல்றீங்க. அப்போ கேட்டுக்கோங்க. எம்பொண்ணும் உங்க பையனும் நூறு வருசம் நல்லா இருப்பாங்க. தட்ட வாங்குனா வாங்குங்க. சொன்னது சொன்னதுதான்."

தேசப்பனின் மனைவி, மத்தியானம் முகர்ந்த அந்த வாயை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் நீட்டித் தட்டை வாங்கினாள். தன் வீட்டுத் தட்டை எடுத்து மலர்க்கொடியிடம் கொடுத்தாள்.

தேசப்பன் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். "சம்பந்தியம்மா... விடியற வரைக்கும் மூச்சு நிக்கக்கூடாதுன்னு எனுக்கும் ஒரு வார்த்த சொல்லேன்."

"நிக்காது. காலைல எய்ந்து நடப்பீங்க."

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடினார். எதிர்க் கட்டிலில் யாரோ ஒரு ஆஸ்துமாக்காரர் எழுந்து உட்கார்ந்தார். "யம்மா, எனுக்கும்."

அவருக்கும் சொன்னாள். கடைசியாக, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்த பக்தவச்சலம் மெதுவாக இந்தப் பக்கம் திரும்பினார்.

"மலரு... எனுக்கு?"

"உனுக்கு எப்டி மாமா சொல்றது? வாயத் தொறக்கக்கூடாதுன்னு நீதான சொன்ன?"

சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது அந்தச் சிரிப்பு. கையில் மாப்பிள்ளை வீட்டுத் தட்டு இருந்ததால் முந்தானையை எடுத்து வாயை அடைக்க அவளால் முடியவில்லை.