அடைகல்லின் மறுபக்கம்

மனைவி வேலாயி இறந்த பிறகு கறுப்பையா தனி ஆளாய்ச் செய்யக்கூடிய வேலையை மட்டும்தான் எடுத்தான். செடி வெட்டும் கவ்வாத்துக் கத்திக்கு வாய் தட்டுவது, மண்வெட்டிக்குப் பூண் போடுவது, கோப்பி ஏற்றிப்போகிற வண்டிகளுக்குக் கடையாணி அடிப்பது. இரும்பு பொறுமையான சாமான். உலையிலிருந்து எடுத்த பிறகும் வெகுநேரம் சிவந்திருக்கும். ஆறிப்போனாலும் அடி தாங்கும். அதற்கு இரண்டாம் ஆள் தேவையில்லை.

அவனுடைய பட்டறை பேராதனைப் பாலத்தைத் தாண்டி, கம்பளை ரோட்டோரம் இருந்தது. இலுக்குப்புல் வேய்ந்த கூரை, பின்னால் மகாவலி ஆறு. பகல் முழுக்க வண்டிகள் போகும். கடுகண்ணாவைப் பக்கம் ரயிலுக்காக மலையைக் குடைகிறார்கள் என்று வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டே கடந்து போவார்கள். நின்று பேசுகிறவர்கள் குறைவு. சுற்றியிருந்த சிங்களவர்கள் நல்ல மனிதர்கள். ஐப்பசி மழையில் வேலாயி காய்ச்சலில் போனபோது குழி வெட்ட வந்தவர்கள் அவர்கள்தான். ஆனால் கறுப்பையாவுக்குத் தெரிந்த சிங்களம் கத்தியின் விலையைச் சொல்வதோடு முடிந்துவிடும். அந்த விலையைத் தவிர வேறெதுவும் வாய்விட்டுப் பேசாத நாட்கள் உண்டு.

அதனால்தான் மடவளை மஹ்ரூப் வாசலில் நின்று கூப்பிட்டபோது, கறுப்பையாவின் குரல் முதலில் வெளியே வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "வாங்க நானா" என்றான்.

மஹ்ரூப் பொதிமாடுகள் வைத்துத் தோட்டங்களுக்கு அரிசி, கருவாடு ஏற்றுகிற வியாபாரி. ஒரு சாக்கை இறக்கி வைத்தார். உள்ளே உடைந்த வெண்கலப் பானைகளும் விரிசல் விட்ட ஒரு மணியும் இருந்தன.

"மேமலைத் தோட்டத்துத் தொரைக்கு சேகண்டி ஒண்டு வேணுமாம். விடிய முந்தி பேர் எடுக்குற பிரட்டுக்கு ஆள் கூப்புட. மழ வந்தா தப்புத் தோலு தொஞ்சு போகுது, பனிக்குள்ள சத்தம் ஆக்கள் ஈக்கிற லயத்துக்குக் கேக்குதில்லயாம். நீங்க ஊர்ல சேகண்டி செஞ்ச ஆள் எண்டு நான்தான் செல்லிட்டன்."

"அது ஒத்த ஆளு வேல இல்லைங்க."

"ஆள் புடிச்சுத் தாரன்."

"வேணாம் நானா. விட்டுருங்க."

மஹ்ரூப் அவன் முகத்தைப் பார்த்தார். ஆனால் சாக்கைத் திரும்ப ஏற்றவில்லை. "மாட்டுக்குப் பாரம். இங்கயே ஈக்கட்டும். திரும்பி வரக்குள்ள பாத்துக்குவம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாக்கு மூலையில் கிடந்தது. கறுப்பையா அதைச் சுற்றிக்கொண்டு நடந்தான். ஒருநாள் மழையில் வண்டிகள் வரவில்லை, வேலையும் இல்லை. மணியின் விளிம்பை ஒரு தட்டுத் தட்டி உடைத்துப் பார்த்தான். முறிந்த இடம் சாம்பல் வெள்ளையாக இருந்தது. செம்போடு வெள்ளீயம் வேண்டிய அளவு சேர்ந்திருக்கிறது. நல்ல சரக்கு. அதை அப்படியே போட்டுவைக்க அவனுக்கு மனம் வரவில்லை.

உருக்கிக் களிமண் அச்சில் ஊற்றி, தடித்த ரொட்டி மாதிரி ஒரு வட்டு எடுத்தான். இனி அதைக் காய்ச்சி அடித்து, மெலிதாக்கி அகலப்படுத்த வேண்டும். கஷ்டம் அங்கேதான். வெண்கலம் இரும்பைப் போலல்ல. ஆறியிருக்கும்போது அடித்தால் ஓடுபோல் உடையும். அளவு மீறிக் காய்ச்சி அடித்தால் ஈரமணல் போல் உதிரும். இரண்டுக்கும் நடுவில், பழுத்த கோப்பிப் பழத்தின் சிவப்பில் இருக்கும் கொஞ்ச நேரம் மட்டும் பிசைந்த மாவாக அடிக்கு இணங்கும். அந்த நேரம் முடிவதற்குள் அடித்து, முடிந்தவுடன் நிறுத்தி, மறுபடி உலையில் வைக்க வேண்டும்.

ஊரிலும் இங்கே வந்த பிறகும் அவனும் வேலாயியும் வேலை செய்தது ஒரே விதமாகத்தான். கறுப்பையா இரண்டு கையாலும் குறட்டைப் பிடித்து வட்டைத் திருப்பிக்கொண்டே இருப்பான். எதிரே நின்று வேலாயி சம்மட்டி போடுவாள். அவன் திருப்பத் திருப்ப அடி விழும். பேச்சு இருக்காது. அவள் சம்மட்டியைத் தரையில் ஊன்றினால் அவன் வட்டை உலைக்குக் கொண்டுபோவான்.

இப்போது ஒரு கையில் குறடும் மறு கையில் சிறு சுத்தியலுமாக முயன்றான். சுத்தியலுக்குப் பலம் போதவில்லை. வைத்து அடிக்கிற அடைகல்லை வட்டு தொட்டதும் கல் அதன் சூட்டை உறிஞ்சிக்கொண்டது. அடைகல்லின் மேல் தணலைக் குவித்து அதைச் சூடேற்றிவிட்டு அடித்துப் பார்த்தான். சூடு கொஞ்சம் கூடுதலாக நின்றது. ஆனாலும் வட்டு அகலவில்லை, ஓரம்தான் நசுங்கியது. அடுத்த அடியில் குறுக்கே ஒரு விரிசல் ஓடியது. இரண்டு துண்டையும் உருக்குகிற மூசையில் போட்டுவிட்டு வெளியே போய் ஆற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மஹ்ரூப் திரும்பி வந்தபோது கூடவே ஒருவன் நொண்டிக்கொண்டு வந்தான். முப்பது வயதிருக்கும். பெயர் காளிமுத்து. தோட்ட வேலைக்காகத் தோணியில் வந்து, இறங்கிய கரையிலிருந்து கூட்டமாக நடந்து வந்தவன். காலில் புண் வைத்ததால் கூட்டம் அவனை வழிப்போக்கர் தங்கும் அம்பலத்தில் விட்டுவிட்டு மேமலைக்குப் போய்விட்டது.

"கால் ஆறுற வரக்கும் இங்க கெடக்கட்டும். கை நல்லாத்தான் ஈக்கி" என்றார் மஹ்ரூப்.

கறுப்பையா மூலையில் உடைந்த துண்டுகளோடு கிடந்த மூசையைப் பார்த்தான். பிறகு, "சாப்புட்டியாப்பா?" என்று காளிமுத்துவைக் கேட்டான்.

அன்றைக்கு இரண்டு பேருக்குச் சோறு பொங்கும்போது அவனுக்கு அளவு தப்பிப்போனது. மிஞ்சிவிட்டது.

காளிமுத்து பலசாலி. மறுநாள் அவன் போட்ட முதல் அடியிலேயே வட்டு அகலத் தொடங்கியது. கறுப்பையாவின் உள்ளங்கையில் குறடு பழைய மாதிரி துள்ளியது. திருப்பினான், அடி விழுந்தது. திருப்பினான், அடி விழுந்தது. பிறகு ஓர் அடியில் வட்டு டணார் என்று மூன்று துண்டாகச் சிதறியது.

காளிமுத்து பயந்துபோய்ச் சம்மட்டியைக் கீழே விட்டான். "நீங்க நிறுத்தச் சொல்லலையேண்ணே."

"உனக்குத் தெரிய வேணாமா?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?"

வேலாயியிடம் கறுப்பையா ஒருநாளும் நிறுத்தச் சொன்னதில்லை. அவள் நிறுத்துவாள், அவ்வளவுதான். களைத்துப்போய் நிறுத்துகிறாள் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தான். சில நாள், "அதுக்குள்ளயா?" என்று கேட்டுச் சிரித்தும் இருக்கிறான். அவளும் சிரித்துவிட்டு நெற்றியைத் துடைத்துக்கொள்வாள்.

வட்டை உலையிலிருந்து எப்போது எடுக்க வேண்டும் என்பது அவனுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். எப்போது நிறுத்த வேண்டும் என்பது தெரியவே தெரியாது. சிதறிக் கிடந்த துண்டுகளைப் பொறுக்கும்போதுதான் அதை உணர்ந்தான்.

மறுபடி உருக்கினார்கள். இந்தத் தடவை கறுப்பையாவே "நிறுத்து" என்று குரல் கொடுத்தான். பயத்தில் சீக்கிரமே கொடுத்தான். நாலைந்து அடிக்கு ஒருமுறை உலைக்குப் போனதில் வட்டின் ஓரம் தீய்ந்து பொரிந்தது. நடுப்பகுதி தடித்தே கிடந்தது. நேரம் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று, பழச் சிவப்பைத் தாண்டி மஞ்சள் ஏறும்வரை காய்ச்சிப் பார்த்தான். முதல் அடியில் வட்டு வெல்லக்கட்டி மாதிரி நொறுங்கி அடைகல்லைச் சுற்றி உதிர்ந்தது. காளிமுத்து விளக்குமாறு எடுத்துக் கூட்டினான்.

அதற்குள் நின்று நின்றே அவன் புண் மறுபடி வாய் திறந்திருந்தது. சம்மட்டி வீசக் காலை ஊன்ற முடியவில்லை.

"நான் ஒக்காந்து குறடு புடிக்கிறேண்ணே. நீங்க அடிங்க" என்றான்.

கறுப்பையா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வேலாயி நின்ற பக்கம் போய் நிற்க அவனுக்குக் கால் வரவில்லை. வேறு வழியும் இல்லை. அடைகல்லைச் சுற்றிக்கொண்டு போய்ச் சம்மட்டியை எடுத்தான்.

அவள் நின்ற இடத்தில் மண்தரை குழிந்திருந்தது. இரண்டு குழி, நெருக்கமாக. அவன் பாதங்கள் அவற்றில் அடங்கவில்லை. தலையை நிமிர்த்தினான், வாசல் வெளிச்சம் நேரே கண்ணில் அடித்தது. அந்த வெளிச்சத்தில் வட்டின் சிவப்பு வெளிறித் தெரிந்தது. இங்கிருந்து நிறம் பார்த்து எதையும் சொல்ல முடியாது. அப்படியானால் அவள் எதைப் பார்த்தாள்?

வாசலில் ஒரு சாக்குத் தொங்கவிட்டிருந்தால் கண் கூசியிருக்காது. அவளுக்கு அது தோன்றவே இல்லையா, அல்லது அவன் கேட்கட்டும் என்று இருந்தாளா? எத்தனையோ பகல் இந்த வெளிச்சத்தைப் பார்த்து நின்றிருக்கிறாள்.

"அண்ணே, ஆறுது" என்றான் காளிமுத்து.

கறுப்பையா அடித்தான். முதல் அடிகளில் சம்மட்டி வட்டின் மேல் விழுந்து அப்படியே உட்கார்ந்தது. ஒவ்வொரு தடவையும் தூக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் குறைந்தது. காம்பு கையைத் தள்ளத் தொடங்கியது. இன்னும் இரண்டு அடி. இப்போது சம்மட்டி தானாகவே எழும்பியது, முழங்கை வரைக்கும் ஒரு நடுக்கம் ஓடியது. சத்தத்தில் எந்த மாற்றமும் இல்லை. வட்டு இன்னும் சிவந்துதான் இருந்தது. ஆனால் உலோகம் போதும் என்றது.

அவன் சம்மட்டியைத் தரையில் ஊன்றினான்.

காளிமுத்து நிமிர்ந்து பார்த்தான். "என்னண்ணே, கை வலிக்குதா?"

"இல்ல. உலையில வையி."

அதன் பிறகு வட்டு உடையவில்லை. அடைகல்லைத் தணலால் சூடேற்றிவைத்து, பழச் சிவப்பில் எடுத்து, காம்பு கையைத் தள்ளும்வரை அடித்து நிறுத்தினார்கள். சிலமுறை கறுப்பையா ஓர் அடி அதிகமாகப் போட்டுவிட்டு மூச்சை நிறுத்திக்கொள்வான்; வட்டு தாங்கிக்கொண்டது. மாலைக்குள் அது ஒரு சோற்றுத்தட்டின் அகலத்துக்கு வந்தது. கடைசியாக முழுவதும் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். இரும்பு அப்படிச் செய்தால் முறுக்கேறும். வெண்கலம் அதனால்தான் முரட்டுத்தனம் போய் அடி தாங்கும். ஆவி அடங்கியதும் கயிற்றில் கட்டித் தூக்கி, மரக்கட்டையால் ஒரு தட்டுத் தட்டினான். சத்தம் ஆற்றைத் தாண்டிப் போனது. எதிர்க்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

சாப்பிடும்போது காளிமுத்து கேட்டான். "முந்தி யாருண்ணே உங்களுக்குச் சம்மட்டி போட்டது?"

"என் பொஞ்சாதி."

"இந்த நிறுத்துற பக்குவத்த அவங்க சொல்லித் தரலியா?"

"நான் கேக்கல" என்றான் கறுப்பையா.

காளிமுத்து சோற்றைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டான்.

மஹ்ரூப்பின் மாடுகளோடு மூவருமாக மேமலை ஏறினார்கள். துரை சேகண்டியைத் தட்டிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். ராஜலிங்கம் கங்காணி அதைப் பிரட்டுக்களத்து மரத்தில் தொங்கவிட்டான். காளிமுத்து தன் ஊர்க்காரர்களைக் கண்டதும் அவர்களோடு லயத்துக்குள் போய்விட்டான். அவனை அம்பலத்தில் விட்டுப் போனவர்கள்தான். ஒருத்தரையொருத்தர் பிடித்துக்கொண்டு சிரிப்பதைக் கறுப்பையா வெளியிலிருந்து கேட்டான். அன்றைக்கு அங்கேயே ஒரு கோடியில் படுத்துக்கொண்டான்.

விடிவதற்கு முன் சேகண்டி ஒலித்தது. பனிக்குள் அது எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் எல்லாப் பக்கமும் கேட்டது. கதவுகள் திறந்தன. பிள்ளைகள் அழுதன. பக்கத்துக் காம்பரா அறையிலிருந்து கூடையோடு வெளியே வந்த ஒரு பெண்ணைப் பின்னாலிருந்து யாரோ, "ரத்தினம்மா, பொறு, நானும் வாரேன்" என்று கூப்பிட்டார்கள்.

அவள் நின்று முக்காட்டைச் சரிசெய்தாள். அங்கே உட்கார்ந்திருந்த கறுப்பையாவை யாரோ வழிப்போக்கன் என்று நினைத்திருப்பாள். "தப்பு அடிக்கிறப்ப, மழையில காதுல விழலேன்னு சொல்லிக் கொஞ்சம் படுத்திருப்போம். இனி என்னத்தச் சொல்ல? எந்தப் பாவி செஞ்சானோ" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. குளிரில் நடுங்கிக்கொண்டே சொன்னாள்.

கறுப்பையா அவள் போவதையும் பின்னால் மற்றவர்கள் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் காளிமுத்து ஒருமுறை கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டான். நன்றாயிருக்கிறது என்று ஒருவர் சொன்னால் போதும் என்று எண்ணிக்கொண்டு வந்தவனுக்கு, அதைக் கேட்க வேண்டியவள் ஆற்றோரம் மண்ணுக்குள் கிடக்கிறாள் என்பதுதான் அந்தக் குளிரில் திரும்பத் திரும்ப மனதில் வந்தது.

இறங்கும் வழியில் மஹ்ரூப் அவனோடு மெல்ல நடந்தார்.

"பக்கத்துத் தோட்டத்துக்கும் ஒண்டு கேக்குறாங்க. செய்வீங்களா?"

இருபுறமும் கோப்பிச் செடிகள் காய்த்துக் குலுங்கின. எங்கோ கீழே மகாவலியின் இரைச்சல்.

"செய்றேன் நானா" என்றான் கறுப்பையா. "ஆனா குறடு புடிக்க ஒரு ஆளு வேணும். பேசக்கூடிய ஆளாப் பாருங்க."

"பேசவா?" மஹ்ரூப் திரும்பிப் பார்த்தார். "வேலைக்குத்தானே ஆள்?"

"வேலைக்குத்தான்" என்றான் கறுப்பையா.

மஹ்ரூப் மாட்டை ஒரு தட்டுத் தட்டி முன்னே விட்டார். "பாப்பம்" என்றார்.