இருபது தூக்குப்போசி

நெருப்பெரிச்சல் ஊரில் உள்ள அந்தச் சர்ச்சில் கிறிஸ்துமஸ் அன்றுதான் ஆளே இருக்காது. சபை முழுக்கத் தெற்கேயிருந்து பிழைக்க வந்த சனம், முந்தின நாளே ஊருக்குப் பஸ் ஏறிவிடும். விடிகாலை ஆராதனைக்கு வந்தது ஏழே பேர், அதில் ஒருவர் பாஸ்டர்.

சர்ச் சாவியை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ராபினுக்குப் போக ஊர் இல்லை. மனைவி ஆஷா இருந்தவரை அவள் பிறந்தவீடு இருந்தது. அவள் போய் நாலு வருடம். நாலு கிறிஸ்துமஸும் மனுஷன் தட்டைப் பார்த்தபடி தனியாகச் சாப்பிட்டார். இந்த வருடமும் அப்படியென்றால் தன்னால் தாங்க முடியாது என்று அவருக்குத் தெரிந்தது.

மற்ற நாளில் சர்ச்சே வேறு. எதிர்த்த பனியன் கம்பெனியில் உட்கார்ந்து சாப்பிட இடமில்லாததால், ஒரு மணிச் சங்கு ஊதியதும் இருபது பெண்கள் தூக்குப்போசியோடு வந்துவிடுவார்கள். ஃபேனுக்கடியில், சிலுவைக்கு முதுகு காட்டாமல் உட்கார்ந்து, ஊர்க்கதையெல்லாம் பேசிச் சாப்பிடுவார்கள். கம்பெனிக்கு இன்று லீவு இல்லை என்று தெரிந்ததும் ராபினுக்கு உயிர் வந்தது. பின்கட்டில் இருபது பேருக்கும் சேர்த்துச் சமைத்தார். மார்கழியில் கறி தொடமாட்டார்களே என்று, கிறிஸ்துமஸும் அதுவுமாக வெஜிடபிள் பிரியாணி! யாரிடமும் சொல்லவில்லை. தினமும் வருகிறவர்களுக்கு அழைப்பு எதற்கு?

சங்கு ஊதியது. பாய் விரித்து, இலை போட்டுக் காத்திருந்தார். ஒன்று இருபத்தைந்து ஆகியும் வாசலில் ஒரு செருப்புச் சத்தம் இல்லை. பொறுக்காமல் வெளியே வந்தால், ரோட்டோர வேப்பமரத்தடியில் அத்தனை பேரும் சாப்பிட்டு முடித்துப் போசி கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, உள்ள வரல?" குரல் உடைந்துவிட்டது.

மூத்தவளான பூவாத்தாள் பதறி எழுந்தாள். "வந்தோமுங்க. பலகை தொங்குச்சுங்க. உங்க சாமி நாளு, எடஞ்சல் பண்ணக்கூடாதுன்னு திரும்பிட்டோமுங்க."

ராபின் திரும்பிப் பார்த்தார். 'ஆராதனை நேரம், தொந்தரவு செய்யாதீர்.' ஞாயிறுதோறும் அவரே கேட்டில் மாட்டிக் கழற்றுகிற பலகை. விடிகாலையில் மாட்டியதைக் கழற்ற மறந்திருக்கிறார், பாவி மனுஷன்.

"பிரியாணி செஞ்சிருக்கேன்" என்றார், சின்னப்பிள்ளை மாதிரி.

அதற்குள் ஒன்றரைச் சங்கு ஊதிவிட்டது. பூவாத்தாள் கழுவின போசியைத் திறந்து நீட்டினாள். "இதுல போடுங்க. நாலு மணி டீக்குச் சாப்பிட்டுக்கறோமுங்க."

இருபது போசியிலும் போட்டு அனுப்பினார். பலகையைக் கழற்றினார். பிறகு தன் பங்கை மூடிவைத்து, இருபது வெறும் இலைகளுக்கு எதிரே உட்கார்ந்தார். வயிறு கிள்ளியது. ஆனாலும் நாலு மணிச் சங்கு ஊதும்வரை அவர் அதைத் தொடவில்லை.