தலையணைக்கு அடியில் ஒரு மாப்பிள்ளை

எங்கள் வீட்டில் பதினொரு நாற்காலிகள் இருக்கின்றன. உட்காரத்தான் இடமில்லை. ஒன்றில் டச்சுக்காரத் துரை ஒருவர் உட்கார்ந்திருந்தாராம், அதனால் நாங்கள் உட்காரக் கூடாது. ஒன்றுக்குக் கால் மூன்றுதான். மற்றவற்றின் மேல் பேசாத ரேடியோ, எரியாத விளக்கு, கரி போடும் இஸ்திரிப் பெட்டி என்று ஏதாவது குடியிருக்கிறது. விருந்தாளி வந்தால் கூச்சநாச்சமில்லாமல் நேரே படுக்கையறைக்கு அழைத்துப்போய்க் கட்டிலில் உட்காரவைத்துவிடுவேன்.

அந்தக் கட்டில் ஒன்றுதான் இந்த வீட்டில் என்னுடையது. ஊராருக்கு கெபாயா மேல்சட்டை தைத்துச் சேர்த்த காசில், ஸ்பிரிங் மெத்தையோடு கடையிலிருந்து புத்தம் புதிதாக வாங்கினேன். அதன் பிளாஸ்டிக் உறையை என் கையால் கிழித்தேன். எனக்கு முன்னால் யாரும் அதில் படுத்துச் சாகவில்லை. இதைவிட என்ன பெருமை வேண்டும்?

என் வீட்டுக்காரர் ஹர்சோயோ ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளிலிருந்து எங்கள் ஜாவாவின் சோலோ நகரத்துப் பழம்பொருள் கடைகளே கதி என்று ஆகிவிட்டார். வாங்குவதில் அவருக்கு ஒரு வித்தை உண்டு. பிடித்த பொருளை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். பக்கத்தில் கிடக்கும் மூக்குடைந்த தேநீர்க் கெட்டிலை எடுத்து அரை மணி நேரம் பேரம் பேசி, வேண்டாம் என்று வைத்துவிட்டு, கிளம்பும்போது போனால் போகிறது என்பதுபோல் மற்றதற்கு விலை கேட்பார். துருவை முகர்ந்து பார்ப்பார். காடி ஊற்றி வரவழைத்த புதுத் துருவில் அந்த வாடை வருமாம். மழை நாளில்தான் போவார், ஆள் வராத கடைக்காரன் சீக்கிரம் இறங்கிவருவான் என்று.

இந்த வித்தையில் என் பங்கு முகம் சுளிப்பது. அவர் விலை கேட்டதும் நான் பொருளைப் பார்த்து மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். விலை தானாக இறங்கும். என் சுளிப்புக்கு எங்கள் ஊரில் தனி மரியாதை உண்டு. வேறு சேகரிப்பாளர்கள் இரண்டு பேர் என்னை இரவல் கேட்டிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட மனிதர், பாக் குந்தோரோவின் கடையில் அந்த கெரிஸைப் பார்த்ததும் எல்லா வித்தையையும் மறந்துவிட்டார். பாம்புபோல் நெளிந்த பழைய குத்துவாள் அது. நேருக்கு நேர் பார்த்துக்கொண்டே நின்றார். கெட்டிலைத் தொடக்கூட இல்லை. நான் அவசரமாக முகம் சுளித்தேன்.

"இபு, முகத்த கொஞ்சம் இறக்கிக்கோங்க," என்றார் குந்தோரோ; இபு என்றால் எங்கள் ஊரில் அம்மா, பாக் என்றால் ஐயா. "இது விக்கிற சாமான் இல்ல. கட்டிக் குடுக்கிறது."

அது எனக்கும் தெரிந்ததுதான். கெரிஸை வாங்கினேன், விற்றேன் என்று எங்கள் பக்கம் யாரும் சொல்லமாட்டார்கள். கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுப்பதுபோல் மஹர் கொடுத்துத்தான் அழைத்துவர வேண்டும். மஹரில் பேரம் கிடையாது. அதற்கு முன் பொருத்தம் பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்தால், சம்மதம் உண்டா இல்லையா என்று கெரிஸ் கனவில் வந்து சொல்லிவிடும்.

"கட்டிக் குடுக்கிறதுன்னா மூத்த தாரத்தோட சம்மதம் வேணுமே, பாக்," என்று கிண்டலுக்குத்தான் சொன்னேன். குந்தோரோ சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்து, அது நியாயம்தான் என்றார். அது குடியிருக்கப் போகிற வீட்டையும் பார்க்க வருவதாகச் சொன்னார்.

சொன்னபடி வந்தார். நாற்காலி நாற்காலியாகப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, வேறு வழியில்லாமல் என் கட்டிலில் வந்து உட்கார்ந்தார். மெத்தையை ஒரு கையால் அழுத்தினார். பிறகு இரண்டு கையாலும் அழுத்தினார். படுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். பாவம், பழம்பொருள் கடைக்காரருக்குச் சொந்தக் கட்டில் ஏது? அவர் படுத்திருக்கும் தேக்குக் கட்டிலைத்தான் வாடிக்கையாளர் யாராவது வந்து வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்களாம். தூக்கத்திலிருந்து எழுப்பி விலை கேட்டவர்கள்கூட உண்டாம். கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கிடந்தார். பிறகு எழாமலே சொன்னார்:

"மஹர் இதுதான்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

அன்று சாயங்காலம் சோயாப் பயறில் செய்த தெம்பே பொரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கோழி ஜன்னல் வழியாகப் பறந்து வந்து ரேடியோவின் மேல் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. அதோடு நான் மல்லுக்கு நின்றதில் தெம்பே முழுவதும் கரிக்கட்டையாகிவிட்டது. அந்தக் கதையை வீட்டுக்காரரிடம் பாதி சொல்வதற்குள் குறுக்கே விழுந்தார். எங்களுக்குள் நான் மக்னே, அவர் பாக்னே.

"மக்னே, மெத்த எந்தக் கடையிலயும் கிடைக்கும். இது ராஜா காலத்து இரும்பு. வயசாக ஆக மதிப்பு ஏறும்."

"இந்த வீட்டுல எல்லாத்துக்கும் வயசானா மதிப்பு ஏறுது, பாக்னே. எனக்கு மட்டும் ஏன் ஏறல?"

"நீ என்ன பழம்பொருளா?" என்றார். பாராட்டு என்று நினைத்துத்தான் சொன்னார்.

கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம். கெரிஸ் கனவில் வந்து சம்மதித்தால் கட்டிலைக் கொடுத்துவிடுகிறேன். வராவிட்டால் ஆயுசுக்கும் என் மெத்தைப் பேச்சை எடுக்கக் கூடாது. குந்தோரோ முன்னிலையில் இருவரும் தலையாட்டினோம். அவர் கெரிஸை மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்து, விடியும்வரை தலையணைக்கு அடியிலிருந்து எடுக்கக் கூடாது என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனார்.

இங்கேதான் சிக்கல் வந்தது. என் வீட்டுக்காரர் தலை வைத்துப் படுப்பது சீனத்துப் பீங்கான் தலையணை. செத்துப்போன ஏதோ ஒரு சீமாட்டியுடையது. வாங்கிய நாளிலிருந்து அவருக்குக் கழுத்து திரும்புவதில்லை, யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடுதான் திரும்புவார். அதற்கு அடியில் கெரிஸை வைத்தால் தலையணை ஊஞ்சல் ஆடியது. உருண்டு விழுந்து உடைந்தால் என்ன செய்வது? சாதாரணத் தலையணைக்கு மாறுங்கள் என்றேன். சாதாரணத் தலையணையில் வரும் கனவை நம்ப முடியாது என்றார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன வித்தியாசம் என்று கெரிஸை என் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டார்.

விடிந்ததும் குந்தோரோ வந்தார். தனியாக வரவில்லை. கட்டிலை ஏற்றிப் போக ஒரு தள்ளுவண்டியும் இரண்டு கூலியாட்களும் கூடவே வந்தார்கள்.

என் வீட்டுக்காரர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு கனவும் வரவில்லை என்றார். எனக்கு வந்தது. சத்தியமாக வந்தது, அதை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. மெத்தை போனாலும் போகட்டும் என்று கனவைச் சொன்னேன். தலைப்பாகையும் ஒழுங்காகக் கத்தரித்த மீசையுமாக ஒரு மனிதர் வந்தார். பதினொரு நாற்காலியையும் பார்த்துவிட்டு, கட்டிலில் என் பக்கத்து ஓரத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வந்து என்ன கேட்டார்? பலியா, பூவா, சாம்பிராணியா?" என்றார் குந்தோரோ.

"சாப்பிட்டியான்னு கேட்டார்."

"அவ்வளவுதானா?"

"தெம்பே கருகின கதைய சொன்னேன். முழுசா கேட்டார். கோழி இறங்க மாட்டேன்னுச்சுன்னு சொன்னப்போ சிரிச்சார்."

குந்தோரோ கண்களை மூடித் திறந்தார். இதைவிடத் தெளிவான சம்மதத்தைத் தன் தொழிலில் கண்டதில்லை என்றார். ஆனால் கெரிஸ் இருந்தது இபுவின் தலையணைக்கு அடியில். வந்ததும் இபுவிடம். ஆகவே பொருத்தம் இபுவுக்குத்தான். கட்டிலும் இபுவுடையது என்பதால் மஹரிலும் குறையில்லை. எல்லாம் கச்சிதம் என்று கூலியாட்களுக்குக் கண் காட்டினார்.

"எனக்கு ஏற்கெனவே ஒரு புருஷன் இருக்கார், பாக்," என்றேன். "ஒருத்தரையே வச்சு சமாளிக்க முடியல."

குந்தோரோ திகைத்துப் போனார். ஆண்பிள்ளை எத்தனை கெரிஸ் வைத்திருந்தாலும் யாரும் கேட்பதில்லை. கல்யாணமான பெண்ணைத் தேடி மீசை வைத்த கெரிஸ் வந்தால் என்ன செய்வதென்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கூலியாட்களில் ஒருவர் யோசனை சொன்னார்: தம்பி முறை என்று வைத்துக்கொண்டால் என்ன? தம்பிக்கு மஹர் கிடையாதே, தன் மெத்தை போய்விடுமே என்று குந்தோரோ பதறினார். இன்னொருவர், இந்த வீட்டில் இருக்கிற நெரிசலுக்கு இன்னோர் ஆள் தாங்காது என்று தன் கருத்தைச் சொன்னார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். யார் பேரில் வந்தால் என்ன, கெரிஸ் வீட்டுக்கு வந்தால் போதும் என்று துள்ளிக் குதிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் பீங்கான் தலையணையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"ஆளு எப்படி இருந்தான்?" என்றார்.

"லட்சணமாத்தான் இருந்தார்."

"என்ன விட உயரமா?"

"உக்காந்துதான இருந்தார், எப்படித் தெரியும்?"

"ரொம்ப நேரம் இருந்தானா?"

"கத முடியற வரைக்கும்."

அவர் எழுந்தார். மஞ்சள் துணியோடு கெரிஸை எடுத்து குந்தோரோவின் கையில் திணித்தார். "கொண்டுபோயிடுங்க," என்றார். குந்தோரோ மெத்தையை ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு வெளியே போனார். வெறும் தள்ளுவண்டி கடகடவென்று அவர் பின்னால் போனது. என் வீட்டுக்காரரும் சட்டையை மாட்டிக்கொண்டு எங்கேயோ கிளம்பினார். துக்கத்தை ஆற்றப் பன்னிரண்டாவது நாற்காலி வரப்போகிறது என்று முடிவு செய்துகொண்டேன்.

அவர் உச்சிவெயிலுக்கு முன்பே திரும்பினார். கையில் ஒரு பொட்டலம். பழக்கதோஷத்தில் என் முகம் சுளிக்கத் தயாராகிவிட்டது. பிரித்தால், வாழையிலையில் தேங்காய்ப்பால் விட்ட நாசி லிவெத், கோழியும் முட்டையும் வைத்து. அவரும் பழக்கத்தை விடாமல் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"இன்னிக்குக் காலைல செஞ்சதுதான்," என்றார், ஏதோ குறை சொல்வதுபோல.

துரை உட்கார்ந்த நாற்காலியைத் தன் சட்டை நுனியால் துடைத்தார். அதில் என்னை உட்காரச் சொன்னார். எதிரே நின்றுகொண்டு ரேடியோவைப் பார்த்தார், விளக்கைப் பார்த்தார். பிடித்த பொருளை அவர் நேரே பார்க்கமாட்டார் என்பதை நான் இத்தனை வருஷத்தில் எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை.

"சாப்பிட்டியா?" என்றார்.

நான் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. இல்லை என்றேன். அவர் இஸ்திரிப் பெட்டியைக் கீழே இறக்கிவைத்துவிட்டு, இன்னொரு நாற்காலியை என் அருகில் இழுத்துப் போட்டார்.

"அந்தக் கோழி அப்புறம் எப்படித்தான் இறங்கிச்சு?" என்றார்.