குழாய் நின்றால் பாட்டு பாஸ்

எங்கள் கம்பெனியில் பாட்டு எழுதவும் ஆள் தேவையில்லை, பாடவும் ஆள் தேவையில்லை என்று முதலாளி வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். அப்படியானால் நான் யார் என்று கேட்கத் தோன்றும். சம்பளம் கொடுக்கிறவரிடம் அதையெல்லாம் கேட்க முடியுமா? அம்மாவுக்கு நன்றி சொல்லிப் பாட்டு வேண்டும் என்கிறவர்கள் தங்கள் பேச்சைக் கொஞ்சம் பதிவுசெய்து அனுப்புவார்கள். கம்ப்யூட்டர் அந்தக் குரலைக் கற்றுக்கொண்டு, ஜென்மத்தில் ஒரு வரி பாடியிராதவரையும் சுருதி பிசகாமல் பாடவைத்துவிடும். வரிகளை ஒட்டி, வெட்டி, பிசிறு நீக்கிக் கொடுப்பது என் வேலை. வீட்டிலேயே, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து செய்கிறேன்.

பாட்டு தேறியதா இல்லையா என்று முடிவு செய்வது நான் இல்லை, சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் என் அம்மா. பாட்டை ஸ்பீக்கரில் சத்தமாகப் போடுவேன். சுமந்த தெய்வமே, உன் தியாகத்துக்கு ஈடேது என்று போகிற பாட்டுகளுக்கெல்லாம் குழாய் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஏதாவது ஒரு வரியில் சட்டென்று நின்றால் அது பாஸ். லாரி ஓட்டுகிற ஒருவர், தான் வேலைக்குக் கிளம்பும்போதெல்லாம் சிகரெட் இருக்கிறதா என்று அம்மா சட்டைப் பையைத் துழாவுவதைப் பாட்டில் வைக்கச் சொன்னார். அன்றைக்குக் குழாய் நெடுநேரம் நின்றது. இப்படி ஒரு பரீட்சை நடப்பது முதலாளிக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது.

அம்மாவின் பிறந்தநாளுக்கு முந்தின நாள் காலையில் அண்ணன் கூப்பிட்டான். வேறு ஊரில் பெரிய வேலையில் இருக்கிறவன். அம்மாவை விசாரிப்பதற்குக்கூட என்னைத்தான் ஆளாக வைத்திருக்கிறான். மாத்திரை வாங்கினாயா, கண் டாக்டரிடம் காட்டினாயா என்று எனக்குத்தான் வாய்ஸ் மெசேஜ் வரும். அந்த மெசேஜ்களில் இருக்கிற என் குரலை வைத்து அம்மாவுக்கு ஒரு பாட்டு செய்து அனுப்பு, நான் என் போனிலிருந்து அனுப்பிவிடுகிறேன் என்றான். உனக்கும் அம்மாவுக்கும் நடந்த ஏதாவது ஒன்றைச் சொல், பாட்டில் வைக்கலாம் என்றேன்.

"உனக்குத் தெரியாததா? நீயே எதையாவது எழுது. அம்மா எதுக்கும் அழுதுடுவாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். என்னடி தேடுகிறாய் என்று அம்மா கேட்டாள். ஒன்றுமில்லை என்று எரிந்து விழுந்தேன்.

அம்மாவுக்குத் தெரியக்கூடாதே என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலையை ஆரம்பித்தேன். முதலில் வழக்கமான தெய்வமே, தியாகமே. கேட்டுப் பார்த்ததும் எனக்கே கொட்டாவி வந்தது. குழாய் ஒரு நொடிகூட நிற்காது. அம்மாவையும் அண்ணனையும் சேர்த்து யோசித்தேன். அவனுக்கு ஏதாவது நடந்திருக்கும், நடக்காமலா இருக்கும்? ஆனால் என் ஞாபகத்தில் இருப்பதெல்லாம் நான் பார்த்ததுதானே. எந்தப் பக்கம் திரும்பினாலும் நடுவில் நானே நின்றுகொண்டிருந்தேன்.

சின்ன வயதில் ஒருநாள் மாடிப்படிக் கைப்பிடியின் கம்பிகளுக்கு நடுவே தலையை விட்டுவிட்டேன். போன தலை வெளியே வர மறுத்தது, காது தடுத்தது. எண்ணெய் தடவிப் பார்த்தார்கள், சோப்பு தடவிப் பார்த்தார்கள். கடைசியில் வெல்டிங் கடைக்காரர் மெஷினோடு வந்து கம்பியை அறுத்தார். பொறி பறந்தது. அறுத்து முடிக்கிறவரை அம்மா என் காதைக் கையால் பொத்திக்கொண்டே இருந்தாள். ஒரேயொரு பொறி மட்டும் தப்பி வந்து என் காதுக்குப் பின்னால் விழுந்தது. மற்றதெல்லாம் அம்மாவின் புறங்கையில். கரும்புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அண்ணன் அன்றைக்கு ஊரிலேயே இல்லை, லீவுக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தான்.

*கம்பிக்குள் தலை சிக்கிக் கதறி நின்ற நாளில்
பொறி பறந்து வந்தபோது பொத்தியது உன் கையே*

அண்ணன் குரல் அதைப் பாடியது. அம்மாவுக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நினைவிருந்தால் தேவலை என்று உள்ளே ஒன்று அரித்துக்கொண்டும் இருந்தது. என்னுடையதைத் தூக்கி இவனுக்குத் தாரை வார்க்கிறேனே என்று ஆத்திரம். சரி, அதை நானாவது என் வாயால் சொல்லியிருக்கிறேனா? எனக்கும் அம்மாவுக்கும் உப்பு போட்டாயா என்று தொடங்கினாலே சண்டையில்தான் முடியும். மேற்கொண்டு யோசித்தால் அழித்துவிடுவேன் என்று பயந்து, அவசரமாக அண்ணனுக்கு அனுப்பிவைத்தேன்.

மறுநாள் காலை அம்மாவின் போன் சிணுங்கியது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு பாட்டைத் தட்டிவிட்டு, போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்துவைத்தாள். குழாயைத் திறந்தாள். நான் மேசையில் உட்கார்ந்து ஏதோ டைப் அடிப்பதுபோல் பாவனை செய்தேன். ஒரு எழுத்தும் உருப்படியாக விழவில்லை. பல்லவி போனது, தண்ணீர் ஓடியது. முதல் சரணம் போனது, தண்ணீர் ஓடியது. கம்பி வந்தது.

குழாய் நின்றது.

பாட்டு முடிந்த பிறகும் சமையலறையில் சத்தமே இல்லை. எழுந்து போய்ப் பார்க்கவும் பயமாக இருந்தது. அதற்குள் அண்ணனே கூப்பிட்டுவிட்டான். பாராட்டு வாங்குவதில் மட்டும் அவன் தாமதிப்பதில்லை. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எப்படிம்மா இருந்துச்சு?"

"நல்லா பாடியிருக்கப்பா."

"எல்லாம் மனசுலேருந்து வந்ததும்மா."

நான் கீ போர்டை முறைத்தேன். அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்கிற அதே தொனியில் கேட்டாள்.

"காதுக்குப் பின்னாடி அந்தத் தழும்பு இன்னும் இருக்காப்பா?"

"இருக்கும்மா. கண்ணாடியில அதைப் பாக்குறப்பல்லாம் உங்க ஞாபகம்தான்."

பாட்டை அவன் கேட்காமலே அனுப்பியிருக்கிறான் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. காதுக்குப் பின்னால் இருப்பதை எந்தக் கண்ணாடியில் பார்ப்பானாம்? அம்மா அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. சரிப்பா, வேளாவேளைக்குச் சாப்பிடு என்று சொல்லிப் போனை வைத்தாள்.

நேராக என்னிடம் வந்தாள். நான் திரையைவிட்டுத் தலையைத் திருப்பவில்லை. ஈரக் கையால் என் தலைமுடியை ஒதுக்கிக் காதை மடக்கிப் பார்த்தாள்.

"இங்கதான் இருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். திரும்பிப் போய்க் குழாயைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து சமையலறை வாசல்வரை போனேன். திரும்பி வந்தேன். மறுபடி போனேன். கேட்க வாயெடுத்தால், தண்ணீர் வீணாகிறது பார் என்று வந்துவிடும்போல் இருந்தது. கடைசியில் முதுகைப் பார்த்துக் கேட்டேன்.

"அன்னைக்கு ரொம்ப சுட்டுச்சாம்மா?"

அம்மா குழாயை மூடினாள்.

"சுடாம என்ன, நெருப்புடி அது. கையை எடுத்தா உன் காதுல விழுமே."

அவ்வளவுதான் சொன்னாள். அவள் கையிலிருந்த சட்டியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கரும்புள்ளி விழுந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். ஊரார் அம்மாக்களுக்கெல்லாம் கம்ப்யூட்டர் குரலில் பாடவைத்த நன்றி என்ற அந்த ஒரு வார்த்தையை என் குரலில் சொன்னேன். குரல் உடைந்து, பாதியில் பிசிறடித்தது. வேறு யாருடைய பாட்டாக இருந்தாலும் அந்தப் பிசிறை வெட்டியெறிந்திருப்பேன்.

அம்மா குழாயைத் திறக்கவே இல்லை.